சிவப்பு மூட்டை, பச்சை மூட்டை

பங்குச் சந்தை எனக்கு முதலில் அறிமுகமானது ஒரு கரும்பலகையில். அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு டுடோரியலில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் பின்பாதி. பத்தாம் வகுப்பில் தவறி அக்டோபரில் மறுபடி எழுதப் போகிறவர்கள்தான் எங்கள் மாணவர்கள். வரைபடம் என்றாலே அவர்களுக்கு நடுக்கம். புத்தகத்தில் இருக்கிற எக்ஸும் ஒய்யும் எந்தக் கடையிலும் விற்காத சரக்கு. நிஜமான எண்களைக் கொடுத்தால் பயம் தெளியும் என்று தோன்றியது. கிளை நூலகத்துக்குப் போய் இங்கிலீஷ் பேப்பரின் பின்பக்கங்களைப் புரட்டினேன். கம்பெனிகளின் பங்கு விலை பொடி எழுத்தில் பத்தி பத்தியாக இருந்தது.

அதில் இரண்டு சிமெண்ட் கம்பெனிகளை எடுத்துக்கொண்டேன். இரண்டின் மூட்டைகளும் டுடோரியலுக்குக் கீழே இருந்த கடையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும். ஒன்றின் சாக்கில் சிவப்பு முத்திரை, இன்னொன்றில் பச்சை. இரண்டும் போட்டிக் கம்பெனிகள். எந்தச் சுவரில் ஒன்றின் விளம்பரம் எழுதினாலும் அடுத்த வாரம் எதிர்ச் சுவரில் மற்றது வந்துவிடும். பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்கள் என்பதால் அவற்றின் விலையைச் சிவப்புச் சாக்கட்டியிலும் பச்சைச் சாக்கட்டியிலும் புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் பேப்பரில் பார்த்து ஒரு புள்ளி. பலகையின் ஒரு மூலையை அழிக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன்.

பிள்ளைகள் வரைபடம் கற்றுக்கொண்டார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. அவ்வப்போது ஒன்று மட்டும் முறுக்கிக்கொண்டு விலகிப் போகும். சில நாளில் மறுபடி பக்கத்தில் வந்து நடக்கும்.

எனக்கு அடுத்த வகுப்பு அறிவியல். அதை நடத்தியவள் மணலூர்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரி, என் வயதுதான். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அப்பா இறந்த பிறகு நிலத்தையும் வீட்டையும் அவளுடைய அண்ணன் பார்த்துக்கொண்டார். பலகையைத் துடைக்க வந்தவள் ஒருநாள் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது இன்னா டீச்சர், ரெண்டும் சண்ட போட்டுக்கினு பிரியுது, மறுபடியும் வந்து சேந்துக்குது?”

சொன்னேன். சிமெண்ட் விற்பனை நன்றாக இருந்தால் இரண்டுக்கும் நல்லது. நிலக்கரி விலை ஏறினால் இரண்டுக்கும் கெட்டது. அதனால் பெரும்பாலும் ஒன்றாகவே போகின்றன என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காரணமில்லாமல் பிரிகிற நேரத்தில் ஏறிப்போனதை விற்று, பின்தங்கியதை வாங்கிவைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். நான் அதைப் படிப்பாக மட்டும்தான் பார்த்திருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் அது காசாகவும் ஆகும் என்று புரிந்தது.

கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தியின் கணவர் சென்னையில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் கணக்கராக இருந்தார். அவருக்கு எழுதிக் கேட்டோம். இது புதிதல்ல, சந்தையில் சிலர் செய்வதுதான் என்று பதில் வந்தது. ஒரு கம்பெனியை வாங்கு, அதே மதிப்புக்குப் போட்டிக் கம்பெனியை விற்றுவை. சந்தை மொத்தமாக விழுந்தாலும் கவலை இல்லை, வாங்கியதில் போவது விற்றதில் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறைந்தால் லாபம், அகன்றால் நட்டம். அவ்வளவுதான் கணக்கு.

“கையில இல்லாதத எப்டி விக்கிறது?” என்று கேட்ட அவளே அடுத்த நிமிஷம் பதிலும் சொன்னாள். “மல்லாட்டையப் புடுங்கறதுக்கு முன்னாடியே யாவாரி கிட்ட வெல பேசறமே, அந்த மாதிரிதான் இது.”

ஏறக்குறைய அந்த மாதிரிதான். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். விற்றதாகச் சொன்னதைப் பிறகு ஒருநாள் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். அதுவரை தரகரிடம் ஒரு முன்பணம் இருக்கும். நட்டம் கூடினால் அவர் மேற்கொண்டு கேட்பார். கணக்கர் கடைசி வரியில் ஒன்றை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். இரண்டும் திரும்பிச் சேரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் இருவருக்கும் ஆசை ஒன்றுதான். பி.எட். படிக்க வேண்டும். அது இல்லாமல் அரசுப் பள்ளி வேலை கிடையாது, டுடோரியல் சம்பளத்தில் அது எட்டாது. ஆளுக்குப் பாதியாகச் சேமிப்பைப் போட்டு அவள் பெயரில் கணக்குத் தொடங்கினோம். தபால் அலுவலகத்திலிருந்து டிரங்க் கால் போட்டு வாங்கவும் விற்கவும் சொல்வோம். ‘வாங்கு’ என்று சொல்ல முதல் தடவை எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் ரிசீவரைப் பிடுங்கி, கடையில் பருப்பு கேட்பதுபோலச் சொல்லி முடித்தாள். முதல் இரண்டு மூன்று தடவை கோடுகள் நல்லபடியாகச் சேர்ந்தன. வந்தது சொற்பம்தான். ஆனாலும் மாடிப்படி இறங்கும்போது சிமெண்ட் கடையைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொள்வோம். கடைக்காரருக்கு எங்கள் மேல் ஒரு சந்தேகமே வந்துவிட்டது.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எங்கு போனாலும் இட ஒதுக்கீட்டுப் பேச்சு. அவளுடைய சாதி மக்கள் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அண்ணன் அதில் முன்னால் நின்றார். நான் தியாகதுருகம் பக்கத்துக் காலனிக்காரி. அப்பாவும் அம்மாவும் கூலிவேலை. எங்களுக்கு ஒதுக்கீடு முன்பே இருந்தது. பங்கு விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் ஏதாவது உடைந்துவிடும் என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும்.

ஒரு செப்டம்பரில் பச்சைக் கோடு காரணமே இல்லாமல் மேலே போயிற்று. சிவப்பு இருந்த இடத்திலேயே கிடந்தது. அவ்வளவு பெரிய இடைவெளியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பச்சையை விற்று, சிவப்பை வாங்கினோம். முன்னைவிடப் பெரிய அளவில். அந்த வாரமே டுடோரியல் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, வெள்ளிமலை விடுதிப் பள்ளியில் மறுதேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு நாலைந்து நாள் பாடம் நடத்திவிட்டு வரச் சொன்னார். தலைமையாசிரியர் அவருக்கு வேண்டியவர். போய்விட்டு வந்து கணக்கை முடித்துவிடலாம் என்று கிளம்பினோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்து கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மேலே குளிர் அப்போதே தொடங்கியிருந்தது. காலையில் பனி விலகுவதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும். பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். பேப்பர் மட்டும் வரவில்லை. அது எப்போதுமே தாமதமாகத்தான் வரும் என்றார் தலைமையாசிரியர். மறுநாள் பேருந்தும் வரவில்லை.

மாலையில் விடுதி ரேடியோவில் சேதி கேட்டோம். கீழே வடமாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல். விடுதிக்கு அரிசி ஏற்றி வரப் போயிருந்த ஜீப்காரர் வெறும் வண்டியோடு திரும்பினார். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது என்றார். தந்திக் கம்பங்களும் சாய்ந்துவிட்டன, போன் இல்லை. சில ஊர்களில் போலீஸ் சுட்டது என்றும், சில ஊர்களில் குடிசைகள் எரிந்தன என்றும் கேள்வி. எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு கூரை வீடு. அந்தக் கணத்தில் எனக்குச் சிவப்பும் பச்சையும் மறந்தே போயின. அவளுக்கு இரண்டுமே சேர்ந்து வந்தன. அண்ணன் எந்த ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ என்ற பயம் ஒரு பக்கம். லாரி ஓடவில்லை என்றால் சிமெண்ட் போகாதே, பங்கு என்ன விலைக்கு வந்திருக்குமோ என்ற பயம் இன்னொரு பக்கம். அந்தப் பணம் போனால் அவளுக்குப் படிப்பும் போய்விடும், வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தார். மலைமேலேயே மேற்காக நடந்து சேலம் பக்கம் இறங்கினால் எங்காவது போன் கிடைக்கும், நாளையே போகலாம் என்றாள். அந்தப் பக்கமும் இதே கதையாகத்தான் இருக்கும், தெரியாத காட்டில் நடக்க வேண்டாம் என்றேன். பேச்சு வளர்ந்தது. துணிக்கொடியிலிருந்து புடவையை உருவிக்கொண்டே அவள் சொன்னாள்.

“உனுக்கு இன்னா, பணம் போனாலும் உனுக்கு எப்டினா வேல கெடச்சிடும். எங்க ஆளுங்கதான் ரோட்ல உக்காந்து குண்டடி படணும்.”

முதல் முறையாக என்னை ‘நீ’ என்று பேசினாள், அதுவும் இதற்காக.

“எப்டினா கெடைக்கும்னா நான் எதுக்கு அந்த டுடோரியல்ல உன்கூட நின்னுக்கினு இருக்கேன்?” என்றேன். “எங்க காலனியில இதுவரைக்கும் டிகிரி படிச்ச பொண்ணு நான் ஒருத்திதான். உங்க ஊர்ல எத்தினி பேரு?”

அவள் உருவிய புடவையை மறுபடி கொடியில் போட்டாள். “நானும் ஒருத்திதான்” என்றாள்.

அது எனக்குத் தெரியாது. நிலம் இருக்கிற வீடு, ஆகவே எல்லாரும் படித்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஒதுக்கீடு என்றால் வேலை தானாக வீடு தேடி வரும் என்று அவள் நினைத்திருந்தாள். படுக்கை விரித்தும் படுக்காமல், சமையலறை அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அன்று எல்லாவற்றையும் பேசினோம். அவளுடைய அண்ணன் எட்டாவதோடு நின்றவர். தங்கைக்கு ஒரு சர்க்கார் வேலை கிடைத்துவிட்டால் குடும்பம் கரையேறும் என்பது அவர் கணக்கு. “மரத்த வெட்டினா எனுக்கு ஆர்டர் வந்துடும்னு நெனச்சிக்கினு கீறாரு” என்று அவள் சொன்னபோது சிரித்தோமா அழுதோமா என்று இப்போது சரியாக நினைவில்லை. என் அப்பா முதல் தலைமுறையாக என்னைப் படிக்கவைத்தபோது நிலக்காரர் கேட்ட கேள்விகளையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

காலையில் அவளே சொல்லிவிட்டாள், எங்கும் போக வேண்டாம், பிள்ளைகளுக்குப் பாடத்தை முடிப்போம் என்று. தேர்வு கீழே கள்ளக்குறிச்சியில்தான் நடக்கும். ரோடு திறக்குமா என்று பிள்ளைகளே கேட்டார்கள். திறக்கும் என்று சொல்லி, ஒளிவிலகலும் முக்கோணவியலும் நடத்தினோம். அந்த நாட்களைப்போல நான் பிறகு எந்த வருஷமும் நடத்தியதில்லை. கையில் வேறு வேலையே இல்லை, கவலையைத் தள்ளிவைக்க இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

மறியல் வாரம் முடியப்போகிற சமயத்தில் ஜீப்காரர் அடிவாரம் வரை கொண்டுவிடச் சம்மதித்தார். கச்சிராயபாளையத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். ரோட்டில் எங்களைத் தவிர ஆளே இல்லை. வெட்டிப்போட்ட மரங்களைச் சில இடங்களில் சுற்றிக்கொண்டும் சில இடங்களில் ஏறியும் தாண்டினோம். ஒரு பெரிய புளியமரத்தின் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கோடாரி. ஒருவர் எழுந்து வந்து எந்த ஊர் என்று கேட்டார். அவள் ஊரைச் சொல்லி, அண்ணன் பேரையும் சொன்னாள். அவருக்கு அண்ணனைத் தெரிந்திருந்தது. முகம் இளகியது. பிறகு என்னைப் பார்த்தார்.

“இவங்க?”

“எங்கூட வேல செய்ற டீச்சர். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறம்” என்றாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

“எந்த ஊருன்னு கேட்டேன்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். அதற்குள் நானே சொன்னேன். “தியாகதுருகம் பக்கம். காலனி.”

அவர் கோடாரியைத் தோளிலிருந்து இறக்கி மரத்தில் சாய்த்துவைத்தார். நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று கேட்டார். கணக்கு என்றேன்.

“எங்க அக்கா பொண்ணு கணக்குலதான் போயிட்ச்சி” என்றார். “மத்ததெல்லாம் பாசு. உங்க டுடோரியல்ல சேத்தா தேறிடுமாங்க?”

தேறிவிடும், ரோடு திறந்ததும் அனுப்புங்கள் என்றேன். வேறு யாரோ ஒருவர் கிளையை ஒதுக்கி வழி விட்டார். கோடாரிக்காரர் எங்கள் பைகளை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நாங்கள் ஏறித் தாண்டும்வரை நின்றார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் என் கையை விட்டாள். விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது. சொன்னபடியே அந்தப் பெண் அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. நன்றாகப் படிக்கிற பெண். யாரோ ஒரு நாள் கழுதை என்று திட்டியதால் கணக்கை விட்டிருந்தது.

கள்ளக்குறிச்சி கடைகள் பாதி மூடிக் கிடந்தன. தபால் அலுவலகத்தில் போன் இன்னும் வரவில்லை. அவள் ஊருக்குப் போக வழியில்லை, அண்ணன் பத்திரமாக இருப்பதாக ஊர்க்காரர் ஒருவர் மூலம் தெரிந்துவிட்டது. என் வீட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. மறுநாள் விடிந்ததும் டுடோரியல் முதலாளியிடம் சைக்கிள் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவளும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“நான் கூட இருந்தா வழியில யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ மிதி” என்றாள்.

காலனியில் கூரைகள் எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி சாவதானமாகச் சொன்னாள், ரெண்டு பேரும் மல்லாட்டை பிடுங்கப் போயிருக்கிறார்கள் என்று. வரப்பில் ஓடினேன். நிலம் நிறைய ஆட்கள் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு முதலில் திட்டினாள், இந்த நேரத்தில் ரோட்டில் வருவாளா ஒருத்தி என்று. நிலக்காரர்கள் பகலில் மறியலில் உட்கார்ந்தார்கள், ஆனால் மல்லாட்டை முற்றினால் காத்திருக்காது, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், நாங்கள் வந்தோம் என்றார் அப்பா. பயமாக இல்லையா என்று கேட்டேன். முதல் இரண்டு நாள் தூங்கவில்லை, அப்புறம் இரண்டு தரப்பிலும் பெரியவர்கள் பேசி, இந்த ஊரில் ஒன்றும் நடக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்களாம். என்னோடு வந்தவள் அதற்குள் புடவையைச் சொருகிக்கொண்டு நிலத்தில் இறங்கியிருந்தாள். நிலக்காரக் குடும்பத்துப் பெண், ஆனால் அம்மாவைவிட வேகமாகப் பிடுங்கினாள். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பிடுங்கின செடியை உதறக் கூடத் தெரியாது என் பொண்ணுக்கு என்று அவளிடம் என்னைப் பற்றிக் குறை சொன்னாள்.

போன் வந்த அன்று காலையிலேயே டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். கணக்கரின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இடைவெளி குறையவில்லை, அகன்றிருந்தது. சிவப்புக் கம்பெனி தன் சரக்கை அதிகமும் எங்கள் மாவட்டம் வழியாகத்தான் லாரியில் அனுப்பும். ரோடு அடைத்ததும் அதன் பங்கு விழுந்துவிட்டது. பச்சைக் கம்பெனி ரயிலில் அனுப்புவது. அது அசையவே இல்லை. தரகர் முன்பணம் மேற்கொண்டு கேட்கிறார், இல்லையென்றால் மாலைக்குள் கணக்கை முடித்துவிடச் சொல்கிறார் என்றார். தன் யோசனையும் அதுதான், நட்டத்தோடு விடுவது நல்லது என்றார்.

மேற்கொண்டு போட எங்களிடம் ஒன்றும் இல்லை. வெளியே வந்து தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் முடித்துவிடலாம் என்றாள். இத்தனை நடந்த பிறகு இரண்டும் பழையபடி சேரும் என்று எதை வைத்து நம்புவது என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு டுடோரியலுக்குக் கீழே இருந்த சிமெண்ட் கடைக்குப் போனேன்.

கடையில் பச்சை மூட்டை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. பச்சை நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன். எங்கே ஓடுகிறது, எல்லாரும் சிவப்பு எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள் என்றார் கடைக்காரர். பாதியில் நின்ற வேலையில் வேறு சிமெண்டைக் கலந்து தளம் போட எந்த மேஸ்திரியும் ஒத்துக்கொள்வதில்லையாம். காத்திருக்கிற வேலை நிறைய. லாரி வந்தால் ஒரே நாளில் இறங்கிப் போய்விடும், மூட்டைக்கு இரண்டு ரூபாய் ஜாஸ்தி கேட்டாலும் கொடுப்பார்கள் என்றார்.

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். சிவப்புக்கு வியாபாரம் போகவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. ரோடு திறந்தால் திரும்பி வந்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு விழுந்த விலைதான் தெரியும், காத்திருக்கிற தளங்கள் தெரியாது. அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஒரு கடையை வைத்து ஊர் முழுவதையும் சொல்ல முடியாது என்றாள். அதுவும் சரிதான். இது உன் கணக்கும்தான், நீ சொல்கிறபடி செய்யலாம் என்று நான் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா நீ பாட்டுக்கு எந்தலையில போட்ற? ரெண்டு பேரும்தான முடிவு பண்ணணும்.”

கடைசியில் பாதியை முடித்து, பாதியை வைத்திருப்பது என்று முடிவானது. பாதியை முடித்தால் இருக்கிற முன்பணமே மீதிக்குப் போதும், மேற்கொண்டு போட வேண்டியதில்லை. மறுபடி டிரங்க் கால் போட்டுச் சொன்னோம், கணக்கர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். முடித்த பாதியில் நட்டம். அன்று மதியம் இருவருமே சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் சில நாள் இடைவெளி அகன்றுகொண்டுதான் போயிற்று. நான் நூலகத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். அவள்தான் போய்ப் பார்த்துவந்து, பலகை மூலையில் புள்ளி வைப்பாள். ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்து எடுத்தார்கள். முதல் சிவப்பு லாரி கடை வாசலில் நின்ற அன்று தெருவில் மாட்டுவண்டிகள் வரிசை கட்டின. அடுத்த வாரத்திலிருந்து சிவப்புக் கோடு நிமிர்ந்தது. ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கதவருகே வந்து நின்ற அவள், உள்ளே வராமல் விரலால் காட்டினாள், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டி. பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மீதிப் பாதியை அன்றே முடித்தோம்.

முழுசாக வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று நானும், முழுசாக வைத்திருந்தால் தரகரே அன்றைக்கு எல்லாவற்றையும் முடித்திருப்பார் என்று அவளும் இன்றைக்கும் வாதாடுகிறோம். நட்டம் போக மிஞ்சியது பெரிதில்லை. ஆனால் அவள் பங்கு அவளுடைய பி.எட். கட்டணத்துக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அதனால் என் பங்கை வீட்டில் கொடுத்தேன். அம்மா என்ன வேலைக்குக் கிடைத்த பணம் என்று கேட்டாள். சிமெண்ட் யாவாரம் என்றேன். அவள் நம்பவில்லை.

அவளுடைய அண்ணன் பிறகு மறியல் வழக்கில் கைதாகி, சில வாரம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள், நானும் கூட இருக்க வேண்டும் என்றாள். டுடோரியல் வாசலில் நின்றபடியே கேட்டார். தங்கை தன்னைக் கேட்காமல் சென்னை வரைக்கும் கணக்கு வைத்திருந்தது அவருக்கு வருத்தம்தான். முகம் சுருங்கியது. நான் யார், எந்த ஊர் என்பதும் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஆனாலும் என்னிடம்தான் பேசினார்.

“ஏங்க டீச்சர், இந்த ரெண்டு கம்பெனி கணக்கு மாதிரி, கரும்புக்கும் வெல்லத்துக்கும் எதுனா பாக்க முடியுங்களா? ஆலைக்காரன் வெல கொறச்சா வெல்லமா காச்சிடலாமா, எப்ப காச்சலாம்னு.”

பார்க்கலாம் அண்ணா என்றேன். அண்ணா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. பி.எட். முடியட்டும் என்றார்.

கல்லூரி தொடங்குவதற்கு முன்னால் சென்னைக்குப் போனோம். கணக்கர் எங்களைச் சந்தையைப் பார்க்கிற மாடிக்கு அழைத்துப் போனார். அதுவரை நான் அதை நூலகம் மாதிரி ஒரு இடம் என்று கற்பனை செய்திருந்தேன். கீழே பெரிய கூடத்தில் சட்டை கசங்கிய ஆண்கள் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள், மாட்டுச் சந்தைகூட இதைவிட அமைதியாக இருக்கும். எங்களைத் தவிர அங்கே பெண்கள் இல்லை. இவர்கள்தான் கள்ளக்குறிச்சி சிமெண்ட்காரர்கள் என்று கணக்கர் யாரிடமோ எங்களைக் காட்டினார். அந்த ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு மறுபடி கத்தப் போனார்.

அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தாள். சத்தத்தில் என் காதருகே வந்துதான் பேச வேண்டியிருந்தது. அடுத்து டயர் கம்பெனிகளைப் பார்க்கலாம் என்றாள். டயர் வேண்டாம், டீத்தூளில் இரண்டு நல்ல போட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்றேன். பேருந்து நிலையம் வரைக்கும் பேசி, டீத்தூளில் தொடங்குவது என்று முடிவு செய்தோம்.